விரல் கணுவுக்குக் கணக்கு உண்டு, பயிற்சிக்கு இல்லை: ராயக்கோட்டை – ஓசூர் தொழிற்பட்டையில் பாதுகாப்புப் பயிற்சி

2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை விடியற்காலை. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில், உத்தனப்பள்ளியை அடுத்த நாகமங்கலம் பகுதியில் இருக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தது. ஐபோனுக்கான உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலை அது. ரசாயனங்கள் வைத்திருந்த பகுதியில் பிடித்த தீ கரும்புகையாக எழுந்தது. ஷிப்டில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சிலருக்கு மூச்சுத்திணறல் வந்தது, உயிரிழப்பு இல்லை. ஆலையின் அவசரகால நடைமுறைகளால் பணியாளர்கள் எல்லோரும் பத்திரமாக இருப்பதாக நிறுவனம் அறிவித்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டி மாநில எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்தன. தீபாவளிச் சரக்கை இறக்கிக்கொண்டிருந்த நேரம். 14 பேர் அங்கேயே இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களில் சிலரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலிருந்து தீபாவளி நேரத்தில் நாலு காசு பார்க்க வந்தவர்கள். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள்.

இந்த இரண்டு விபத்துகளையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. சரக்கு வேறு, கட்டடம் வேறு, பொறுப்பாளிகள் வேறு. ஆனால் ஒரு கேள்வி இரண்டுக்கும் பொதுவானது: வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த ஆளுக்கு யார், எவ்வளவு நேரம், எந்த மொழியில், என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? இந்தத் தொழிற்பட்டையில் எந்த விபத்தை எடுத்தாலும் விசாரணையின் முதல் கேள்வியாக இருக்க வேண்டியது இதுதான். நம் சட்டத்திலோ இதற்குப் பாதி விடைதான் இருக்கிறது. பயிற்சி கொடு என்கிறது சட்டம். எவ்வளவு, எப்படி, யார் சோதிப்பது என்று பெரும்பாலான தொழிற்சாலைகளுக்கு அது சொல்லவில்லை. அந்த மீதிப் பாதியைப் பல இடங்களில் ஒரு கையெழுத்து நிரப்பிவிடுகிறது.

தக்காளி மண்டியும் கம்பெனி பஸ்ஸும்

ராயக்கோட்டையை வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயங்களால் அறிவார்கள். ஒன்று, 1791இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் பிடித்த மலைக்கோட்டை. இன்னொன்று தக்காளி மண்டி. சேலம் – பெங்களூரு ரயில் பாதையில், தருமபுரிக்கும் ஓசூருக்கும் நடுவே இருக்கும் இந்த ஊர் நெடுங்காலமாக விவசாயிகளின் சந்தை ஊர். இப்போது இன்னொரு அடையாளமும் சேர்ந்துவிட்டது. விடியுமுன்னே சாலையோரம் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது. பெங்களூருக்குப் பக்கம், தமிழ்நாட்டுச் சலுகைகள், மிதமான வெயில் என்று எல்லாம் பொருந்திய ஓசூரில் எழுபதுகளிலேயே தொழில் வளாகம் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய பெயர்கள் எண்பதுகளில் வந்தன. அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று ஆலைகள் பரவின. போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை 2021இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஓசூரிலிருந்து தெற்கே நகர்ந்த அலை நாகமங்கலம், உத்தனப்பள்ளி வழியாக ராயக்கோட்டை வாசலுக்கு வந்து நிற்கிறது. நிலம் எடுப்பதை எதிர்த்து அந்த ஊர் விவசாயிகள் போராடியதும் இதே பகுதியில்தான்.

ஆக, இங்கே ஆலைக்குள் நுழைகிறவர்களில் பெரும்பகுதி முதல் தலைமுறைத் தொழிலாளர்கள். அப்பா பூ, தக்காளி, ராகி பயிரிட்டவர். மகள் அனோடைசிங் பிரிவில் நிற்கிறாள். வயலில் எதைத் தொடக்கூடாது என்பது அவளுக்கு நடக்கப் பழகிய வயதிலேயே தெரியும். அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் எதைச் செய்யக்கூடாது என்பதை யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். பரம்பரையாக வராத இந்த அறிவைக் கொடுப்பதற்குத்தான் பாதுகாப்புப் பயிற்சி என்று பெயர்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொடக்கத்தில் பயிற்சியைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவர் சிறப்புப் பயிற்சி பெற்றவராக, உடம்பை ஒட்டிய உடை அணிந்தவராக இருக்க வேண்டும் என்றது 22ஆவது பிரிவு. ஆபத்தான இயந்திரத்தில் இளம் வயதினரை நிறுத்துவதானால், ஆபத்தை முழுக்க விளக்கியிருக்க வேண்டும். போதிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும், அல்லது விவரம் தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்றது 23ஆவது பிரிவு. வேலியும் காப்பும் போட்டால் போதும், ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது இரண்டாம் பட்சம் என்ற அந்தக் காலத்து எண்ணம் அதில் தெரிகிறது.

அந்த எண்ணத்தைப் புரட்டியது போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் செலவைக் குறைக்க அந்த வாயுப் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு 12 பேர் என்றிருந்ததை 6 ஆக்கியிருந்தார்கள். பயிற்சிக் காலத்தையும் சுருக்கியிருந்தார்கள். இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. இந்தச் செய்திகள் வெளிவந்த பிறகுதான் 1987இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

அந்தத் திருத்தம் கொண்டுவந்த மூன்று பிரிவுகள் நமக்கு முக்கியம். 7-ஏ பிரிவு, தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் ஆலைப் பொறுப்பாளரின் கடமையாக்கியது. 41-பி பிரிவு, அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகள் தங்கள் ஆபத்துகளைத் தொழிலாளரிடம் மறைக்கக் கூடாது என்றது. 111-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவதும், ஆலைக்குள்ளோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ பயிற்சி பெறுவதும், குறை இருந்தால் ஆய்வாளரிடம் நேரே முறையிடுவதும் தொழிலாளியின் உரிமை என்றது. அதுவரை முதலாளியின் கடமையாக மட்டும் இருந்த பயிற்சி, தொழிலாளி கேட்டு வாங்கும் உரிமையானது அப்போதுதான்.

இதில் கான்ட்ராக்ட் ஆளுக்கும் பங்கு உண்டு. அந்தச் சட்டத்தின் 2(எல்) பிரிவு தொழிலாளி என்பவரை விளக்கும்போது, ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவரும், முதன்மை முதலாளிக்குத் தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும், கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தொழிலாளியே என்றது. பயிற்சி பெறும் அப்ரண்டிஸுக்கும் தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு அத்தியாயங்கள் பொருந்தும் என்று 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் சொல்லியிருக்கிறது. அவன் கான்ட்ராக்டர் ஆள், எங்கள் ஆள் இல்லை என்று சொல்லி எந்த ஆலையும் பயிற்சிக் கடமையிலிருந்து நழுவ முடியாது.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் கண்காணிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பழைய ஆட்கள் இன்னும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் கழகம் இருக்கிறது. பாதுகாப்பு அதிகாரிகளை உருவாக்கும் பட்டயப் படிப்பு முதல் குறுகிய காலப் பயிற்சிகள் வரை அங்கே நடக்கின்றன. சட்டமும் அலுவலகமும் பயிற்சி நிலையமும் இல்லாத மாநிலம் அல்ல இது. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு பிரஸ், இரண்டு பொத்தான்

வாகன உதிரிப் பாகப் பட்டறைகளில் மிக அதிகமாக விரல் வாங்கும் இயந்திரம் பவர் பிரஸ். மேலே ஒரு டை, கீழே ஒரு டை, நடுவே தகடு. தகட்டை வை, கையை எடு, மிதி, வெட்டிய துண்டை எடு, அடுத்த தகட்டை வை. ஒரு ஷிப்டில் இது ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும். இதில் 'கையை எடு' என்ற ஒரு அசைவு ஒரே ஒரு முறை தவறினால் போதும்.

அதற்காகத்தான் இரட்டைப் பொத்தான் வைக்கிறார்கள். வலக்கையும் இடக்கையும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அப்போது கைகள் டைக்குள் இருக்க முடியாது. ஆனால் பொத்தானை விடக் கால் பெடல் வேகமானது. உருப்படிக் கணக்கு ஏற வேண்டும் என்றால் ஒரு பொத்தானில் டேப் ஒட்டிவிட்டு மற்றதை மட்டும் அழுத்துவது, அல்லது பெடலுக்கு மாறிவிடுவது. புதிதாக வந்த ஹெல்பர் பழைய ஆப்பரேட்டரிடமிருந்து முதலில் கற்றுக்கொள்வது இந்தக் குறுக்குவழியைத்தான். இதுவும் ஒரு பயிற்சிதான். யாரும் பதிவேட்டில் எழுதாத பயிற்சி.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பழைய பிரஸ்கள் பலவற்றில் இருப்பது கீ கிளட்ச். சாவி ஒருமுறை விழுந்துவிட்டால் மேல் டை இறங்கி முழுச் சுற்றும் முடித்துத்தான் நிற்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. அதனால் கை குறுக்கே வந்தால் ஒளிக்கதிர் மூலம் கண்டுகொண்டு நிறுத்தும் சென்சாரை இந்த வகைப் பிரஸ்ஸில் மாட்டிப் பயனில்லை; சென்சார் பார்த்துவிடும், பிரஸ் நிற்காது. சாவி தேய்ந்திருந்தால் மிதிக்காமலே இரண்டாவது முறை இறங்கும் ஆபத்தும் உண்டு. நான் இயக்கும் பிரஸ் நடுவில் நிற்கக் கூடியதா, நிற்காததா? பிரஸ் முன்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம் இது. 'பார்த்து வேலை செய்' என்ற அறிவுரையில் இந்தப் பாடம் இல்லை.

டை மாற்றும் நேரம் இதைவிட ஆபத்தானது. மெயினை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை டை மாற்றுகிறவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. பெரிய ஆலைகளில் லோட்டோ என்று இதைப் பேச்சு வழக்காகவே சொல்கிறார்கள். சிறு பட்டறையில் அந்தப் பூட்டு சூப்பர்வைசர் மேசை இழுப்பறையில் கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

வாகன உதிரிப் பாகத் தொழிலில் நடக்கும் காயங்களை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பின் அறிக்கைகள் பெரும்பாலும் ஹரியானாவின் ஆலைகளைப் பற்றியவை. காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்தவர், பெரும்பாலான நசுங்கல் காயங்களுக்குக் காரணம் பவர் பிரஸ், பல பிரஸ்களில் சென்சார் இல்லை என்று அவை திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அதே வாகனத் தொழில்தான், அதே பிரஸ்தான், ஓசூரிலும் ஓடுகிறது.

இங்கே நம் சட்டத்தின் ஒரு முரண் கண்ணில் படுகிறது. விரல் போன பிறகு சட்டம் மிகத் துல்லியமாகிவிடுகிறது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த அட்டவணையைப் பாருங்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9. ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50. கணுக் கணுவாக அளந்து எழுத முடிந்த சட்டத்தால், அந்த விரல் போகாமலிருக்க எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஒரு எண்ணை எழுத முடியவில்லை.

முதல் மாதம் எனும் ஆபத்து

கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள 'இன்ஸ்டிடியூட் ஃபார் வொர்க் அண்ட் ஹெல்த்' ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் இருப்பவர் விடுப்பு எடுக்கும் அளவுக்குக் காயப்படும் வாய்ப்பு, ஓராண்டுக்கு மேல் அனுபவமுள்ளவரைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். வயது இதில் பெரிய காரணமல்ல. நாற்பது வயதுக்காரரும் புது இயந்திரத்தின் முன்னால் புதியவரே.

இதை நம் கான்ட்ராக்ட் முறையோடு பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை பிடிபடும். ஆர்டர் வந்தால் ஆள் எடுப்பது, குறைந்தால் நிறுத்துவது, ஒரு கம்பெனியில் மூன்று மாதம், அடுத்ததில் ஐந்து மாதம், நடுவில் ஊருக்குப் போய் வருவது என்று சுற்றிக்கொண்டே இருக்கும் தொழிலாளி, வருடத்தில் பல முறை 'முதல் மாத'த்துக்குத் திரும்பி வருகிறார். பத்து வருடம் வேலை பார்த்தும் அவர் எப்போதும் புதியவர்தான். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒருமுறை வந்து போகும் ஆபத்துக் காலம் இவருக்கு முடிவதே இல்லை. பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. மூன்று மாதத்தில் போய்விடப்போகிற ஆளுக்கு இரண்டு நாள் பயிற்சிக் கூலி எதற்கு என்று கணக்குப் பார்க்கும் ஒப்பந்தக்காரரின் நியாயமும் இதில் சேர்ந்துகொள்கிறது.

எல்லை இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. ஓசூரில் தங்கி ஆனேக்கல், பொம்மசந்திரா ஆலைகளுக்குப் போகிறவர்கள் உண்டு; அங்கே தங்கி இங்கே வருகிறவர்களும் உண்டு. அங்கே கர்நாடகத் தொழிற்சாலை விதிகள், இங்கே 1950ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விதிகள். ஒரு பக்கம் பெற்ற பயிற்சிக்கு மறு பக்கத்தில் காட்ட ஒரு அட்டை இல்லை. பயிற்சி ஆலையின் பதிவேட்டில் இருக்கிறது, ஆளோடு போவதில்லை.

எந்த மொழியில்?

ஓசூர் வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழிகள். ஆலைக்குள் போனால் இந்தி, ஒடியா, வங்காளி, அசாமியும் சேர்ந்துகொள்ளும். 2015–16இல் தமிழ்நாடு அரசு எடுத்த ஒரு கணக்கெடுப்பே மாநிலத்தில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த ஆலைகளுக்கு ஜார்க்கண்டிலிருந்து இளம்பெண்களைக் கூட்டமாக அழைத்துவந்து விடுதியில் தங்கவைத்து வேலை கொடுக்கும் வழக்கமும் வந்துவிட்டது.

தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அலுவலகம், கணக்கு, சரக்கறை எல்லாம் சேர்த்தால் பெரும்பான்மை தமிழர். பலகை தமிழில் இருக்கும். ஆனால் பிரஸ் முன்னால் நிற்பவர் ஒடியாக்காரர். சட்டம் மீறப்படவில்லை, அவருக்கு ஒன்றும் புரியவுமில்லை. பலகைக்காவது ஒரு மொழி விதி இருந்தது, பயிற்சி வகுப்புக்கு அதுவும் இல்லை. இண்டக்‌ஷன் என்ற பெயரில் ஒரு வீடியோ, ஒரு படிவம், ஒரு கையெழுத்து. அந்தப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பின்னாளில் விபத்து நடந்தால், பயிற்சி கொடுத்தோம் என்பதற்கு ஆலை நீட்டும் சான்றும் அந்தக் கையெழுத்துதான்.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 2010இலேயே இதற்கு ஒரு தெளிவு சொல்லிவிட்டது: பயிற்சி என்று சட்டம் சொல்லும் இடத்திலெல்லாம், தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் அவர் அறிந்த சொற்களிலும் கொடுத்தால்தான் அது பயிற்சியாகக் கணக்கில் வரும்.

பயிற்சியால் முடிவதும் முடியாததும்

பயிற்சிதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று வாதிடுவது நேர்மையாகாது. 2012இல் லின்டா ராப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இரண்டு முடிவுகளைச் சொன்னது. பயிற்சி தொழிலாளியின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. ஆனால் பயிற்சி மட்டுமே காயங்களையும் நோய்களையும் குறைக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. காப்பு இல்லாத பிரஸ்ஸின் முன் எவ்வளவு பயிற்சி பெற்ற ஆளை நிறுத்தினாலும், ஒருநாள் களைப்பு வெல்லும். காப்புக்குச் செலவழிக்க மனமில்லாத முதலாளிக்குப் பயிற்சி ஒரு மலிவான சாக்காகவும் ஆகலாம். தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று பழியை இறக்கி வைக்கும் இடமாகவும் ஆகலாம்.

என்ன மாதிரிப் பயிற்சி என்பதும் முக்கியம். 2006இல் மைக்கேல் பர்க் குழுவினர் 95 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். வெறும் சொற்பொழிவு, வீடியோ வகைப் பயிற்சியைவிட, கையால் செய்து பார்த்துப் பேசி விவாதிக்கும் பயிற்சி அறிவையும் திறனையும் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வளர்க்கிறது என்று கண்டார்கள். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். 1966இல் அதே தேதியில் தேசியப் பாதுகாப்புக் கழகம் தொடங்கப்பட்டதன் நினைவு. அன்று ஆலை வாசலில் பேனர் கட்டி உறுதிமொழி எடுப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் கையில் தீயணைப்பானை ஒருமுறைகூடப் பிடித்திராத ஆளுக்கு அந்த உறுதிமொழியால் என்ன பயன்?

பக்கத்துக் குவாரியும் சிங்கப்பூரும்

எண்ணும் மொழியும் சோதனையும் வைத்துச் சட்டம் எழுத முடியாதா? முடியும். நம்மிடமே அதற்குச் சான்று இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போனது. பெரிய குவாரிகள் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்தவை. 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், எந்த வேலைக்கு வருபவருக்கு எத்தனை நாள் பயிற்சி, அதில் என்னென்ன பாடம், எப்போது மறுபயிற்சி என்று அட்டவணையே போட்டுவைத்திருக்கின்றன. ஒரே மாவட்டத்தில், குவாரியில் இறங்கும் ஆளுக்கு அட்டவணை உண்டு. பிரஸ் முன்னால் நிற்கும் ஆளுக்கு இல்லை. குவாரிகளில் அந்த விதி சரியாக நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. எழுதப்பட்ட விதியை மீறினால் மீறல் என்று சுட்டிக்காட்டவாவது முடியும். எழுதப்படாததை மீற முடியாது.

இரண்டாவது சான்று கடல் கடந்தது. ஆனால் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரிந்தது. சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போகிறவர் அங்கே பாதுகாப்பு அறிமுகப் பயிற்சியில் உட்கார வேண்டும், தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் பணி அனுமதி நிலைக்காது. அந்த வகுப்பும் தேர்வும் தமிழில் உண்டு. வேற்று நாடு, வேற்று ஆட்சி, தமிழர் அங்கே கூலிக்குப் போனவர். இருந்தும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, புரிந்ததா என்று சோதித்த பிறகுதான் சாரத்தில் ஏற விடுகிறார்கள். நம் ஊருக்குக் கூலிக்கு வந்த ஒடியாக்காரருக்கும் ஜார்க்கண்ட் பெண்ணுக்கும் அதே மரியாதையை நாம் கொடுக்கிறோமா?

புதிய சட்டத்தொகுப்பு: வரவும் செலவும்

தொழிற்சாலைச் சட்டம் உட்படப் பல சட்டங்களைச் சேர்த்து எழுதிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பயிற்சி என்ற ஒரு கோணத்திலிருந்து இதைப் பார்த்தால் வரவும் இருக்கிறது, செலவும் இருக்கிறது.

வரவு: முன்பு 1,000 பேர் இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம், இப்போது 500 பேருக்கே கட்டாயம், அபாயகரமான செயல்முறை உள்ள ஆலையானால் 250. பணி நியமனக் கடிதம் கட்டாயமானதால், நான் யாருடைய ஆள் என்ற கேள்விக்கு ஒரு காகிதம் கிடைக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமை, அபாயகரமான ஆலைகளுக்கு மட்டும் என்றிருந்தது எல்லாத் தொழிலாளருக்கும் விரிந்திருக்கிறது. முதலாளி கடமை தவறியதால் உயிர் போனால் பழைய சட்டத்தில் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். இப்போது 5 லட்சம். அதில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

செலவு: மின்சாரத்தால் இயங்கும் இடம் 'தொழிற்சாலை' ஆக முன்பு 10 பேர் போதும்; இப்போது 20 பேர் வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்குப் பொதுக் கடமைகள் பொருந்தும் என்றாலும், தொழிற்சாலை என்ற தனிக் கண்காணிப்பிலிருந்து விரல் அதிகம் போகும் சிறு பட்டறைகளே நழுவுகின்றன. அடுத்தது இன்னும் நுட்பமானது. பயிற்சி அளிப்பது முதலாளியின் கடமை என்பது 6ஆவது பிரிவில் தொடர்கிறது. ஆனால் தொழிலாளியின் உரிமைகளைச் சொல்லும் 14ஆவது பிரிவில் தகவல் பெறும் உரிமையும் முறையிடும் உரிமையும் இருக்கின்றன. பழைய 111-ஏயில் இருந்த பயிற்சி பெறும் உரிமை அந்தப் பட்டியலில் இல்லை. போபாலுக்குப் பிறகு தொழிலாளி கைக்கு வந்த ஒன்று, மறுபடி முதலாளி கைக்கே போயிருக்கிறது.

எழுத வேண்டிய நான்கு வரிகள்

சட்டத்தொகுப்பின் கீழ் விதிகள் எழுதும் அதிகாரம் மாநிலத்துக்கும் உண்டு. தொழிலாளர் எதிர்ப்பைக் கேட்டு முடிவை மாற்றிக்கொள்ளத் தெரிந்த மாநிலம்தான் இது. 2023 ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றிய 12 மணி நேர வேலை மசோதாவை, அதே ஆண்டு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாதுகாப்புப் பயிற்சிக்கும் அத்தகைய அக்கறை வேண்டும். தமிழ்நாட்டு விதிகளில் நான்கு வரிகள் சேர்ந்தால் போதும்.

ஒன்று, வேலை வகைக்கு ஏற்பக் குறைந்தபட்சப் பயிற்சி நேரம்; அந்த நேரத்துக்கு முழுக் கூலி. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155ஆவது உடன்படிக்கை, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குத் தொழிலாளி காசு செலவழிக்கக் கூடாது என்று 1981இலேயே சொல்லியிருக்கிறது. இரண்டு, பயிற்சி தொழிலாளிக்குப் புரியும் மொழியில். மூன்று, பிரஸ், அமிலத் தொட்டி, கொதிகலன், மூடிய தொட்டி போன்ற இடங்களில் நிறுத்தும் முன், கையால் செய்து காட்டும் ஒரு சோதனை. வெறும் கையெழுத்து செல்லாது. நான்கு, ஆலை மாறினாலும், கான்ட்ராக்டர் மாறினாலும், ஆளோடு போகும் ஒரு பயிற்சி அட்டை. கர்நாடகத்தோடு பேசி அதை எல்லையின் இரு பக்கமும் செல்லும்படி செய்தால், இந்தத் தொழிற்பட்டைக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்காது.

இவற்றில் எதற்கும் புது ஆலை கட்ட வேண்டாம், அந்நிய முதலீடு வேண்டாம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன, தரமணியில் கழகம் இருக்கிறது, பெரிய ஆலைகளில் திறமையான பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். தங்களுக்கு உதிரிப் பாகம் தரும் சிறு பட்டறைகளின் தரத்தை மைக்ரான் கணக்கில் சோதிக்கும் பெரிய நிறுவனங்கள், அந்தப் பட்டறையில் ஆளுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டதா என்பதையும் அதே தணிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.

விதி வரும்வரை தொழிலாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். வேலைக்குச் சேர்ந்த அன்று சம்பளம், ஓவர்டைம், ஈ.எஸ்.ஐ. பற்றிக் கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த இயந்திரத்தை நிறுத்துவது எப்படி என்று எனக்கு யார் செய்து காட்டுவார்கள்? காட்டும் முன் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.